தேசப்பனைச் சேர்ந்த சாக்கடை

1929ஆம் வருஷம் ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மயிலாப்பூர்ச் சாக்கடை மொத்தமும் மேற்கே திரும்பி, மேடேறி, தியாகராய நகரில் தன் புது மாடிவீட்டில் இட்லி தின்றுகொண்டிருந்த தேசப்பனைத் தேடிப் போனது. வழியில் வேறு யார் வீட்டுப் படியையும் அது நனைக்கவில்லை. தேனாம்பேட்டையில் இரண்டு மாட்டு வண்டிகளுக்கு ஒதுங்கி வழிவிட்டதாகவும் சொல்கிறார்கள். அவ்வளவு மரியாதை தெரிந்த சாக்கடை.

அதற்கு முந்திய பதினேழு வருஷமும் அந்தத் தண்ணீர் மந்தைவெளிக்குத் தெற்கே, அடையாற்றுக் கரையிலிருந்த கெங்கம்மாவின் கீரைத் தோட்டத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. புருஷன் செத்த வருஷம் அவள் தன் கையாலேயே மூன்று குழிகள் வெட்டினாள். முதல் குழியில் மண்டி தங்கும். இரண்டாவதில் வளர்ந்த கோரை நாற்றத்தை உறிஞ்சிவிடும். மூன்றாவதில் மணலில் வடிந்து வரும் தண்ணீரில் முகம் பார்க்கலாம். மற்ற தோட்டக்காரர்கள் கிணற்றுக்கும் ஏற்றத்துக்கும் எருவுக்கும் காசை இறைத்துக்கொண்டிருக்க, இவளுக்குக் காய்ந்த மண்டியே எரு, ஊர் குளித்த தண்ணீரே பாசனம். அவர்கள் ஒரு தரம் கீரை அறுப்பதற்குள் இவள் இரண்டு தரம் அறுத்துவிடுவாள்.

இது தேசப்பனின் கண்ணை உறுத்தியது. மாம்பலம் ஏரியைத் தூர்த்து நகர் போட்ட காலத்தில் மண் அடித்துக் காசு பார்த்த கண்டிராக்டர் அவர். விலையில்லாத ஒன்றை வைத்து ஒருத்தி பிழைப்பதைக் கண்டால், அதற்கு ஒரு விலை போடாமல் அவருக்குத் தூக்கம் வராது. சாக்கடைத் தண்ணீர் முழுவதையும் கார்ப்பரேஷனிடம் குத்தகைக்கு எடுத்தார். விளைச்சலில் பாதியைக் கேட்டு வந்தவரிடம் கெங்கம்மா, "தண்ணிய வுடுறது ஊரு. சுத்தம் பண்றது நானு. நடுவுல நீ இன்னா செய்றே?" என்று கேட்டாள். மறுநாள் இருபது வண்டி மண் வந்து இறங்கியது. மூன்று குழிகளும் மூடின. எட்டே நாளில் பாத்திகள் கருகின. கெங்கம்மா அழவில்லை. வயிறு எரிந்தது, அவ்வளவுதான். அந்த எரிச்சல் பிறகு அடங்கவேயில்லை.

சாந்தோமில் மனு எழுதிப் பிழைக்கும் இக்னேஷியஸ் குத்தகைப் பத்திரத்தின் நகலை வாங்கி அவளுக்குப் படித்துக் காட்டினார். வேறு யாரும் பங்குக்கு வந்துவிடக் கூடாதென்று தேசப்பன் தானே சொல்லி எழுதவைத்த வரி ஒன்று அதில் இருந்தது: "மயிலாப்பூரார் கழிக்கும் கழிவு யாவும், அவர் எவ்விடம் இருப்பினும், தேசப்பன் அவர்களையே சேரும்." அவள் அதை நான்கு தரம் படிக்கச் சொல்லி மனப்பாடம் செய்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமை விடியலில் வாய்க்கால் கரையில் நின்று, ஓர் எழுத்து பிசகாமல் தண்ணீரிடம் ஒப்பித்தாள். தண்ணீர் கேட்டுக்கொண்டு புறப்பட்டது.

தேசப்பன் அடையாற்றுக்கு வீடு மாற்றினார், பின்னாலேயே வந்தது. பெருங்குடியில் மைத்துனர் வீட்டில் ஒளிந்தார். பொழுது சாய்வதற்குள் வந்து கூடத்தில் படுத்துக்கொண்டது. மைசூருக்கு ரயிலேறினார், அரக்கோணம் ஸ்டேஷனில் அவருக்கு முன்பே போய்க் காத்திருந்தது. இரண்டு வருஷத்தில் எல்லோருக்கும் பழகிவிட்டது. தபால்காரர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து கடிதம் கொடுத்தார். குத்தகையை உன் பேருக்கே எழுதித் தருகிறேன், தண்ணீரைக் கூப்பிட்டுக்கொள் என்று தேசப்பன் கெங்கம்மாவிடம் வந்து கெஞ்சினார். "உன் சொத்து நைனா. நான் தொடலாமா?" என்றாள் அவள். அவள் தோட்டமும் காய்ந்துதான் கிடந்தது. கட்டட வேலைக்குச் செங்கல் சுமந்துதான் கஞ்சி குடித்தாள். ஆனாலும் அந்த வருஷங்களில் அவள் சந்தோஷமாகவே இருந்தாள். அதை மறைப்பதில் லாபமில்லை.

1935 தை மாதம் தேசப்பன் இறந்தார். கிருஷ்ணாம்பேட்டைச் சுடுகாட்டுக்குச் சாக்கடையும் கூடவே போய்ச் சிதையைச் சுற்றி நின்றது. மூன்று முறை விறகு மாற்றியும் பற்றவில்லை. மூத்த மகன் மாசிலாமணி ஓடிவந்து கெங்கம்மாவின் வேலியோரம் கைகூப்பி நின்றான். அவள் திரும்பி, மூடிக் கிடந்த முதல் குழியைப் பார்த்தாள்.

"எரியலன்னா பொதைச்சிடு. இங்கியே கொண்டா, எடம் கீது" என்றாள்.

பாடை அடையாற்றுக் கரைக்கு வந்தது; பின்னாலேயே தண்ணீரும் வந்தது. அவள் காட்டிய இடத்தில், முன்பு முதல் குழி இருந்த இடத்தில், தேசப்பனை ஆழமாகப் புதைத்தார்கள். மகன்கள் தலைமுழுகிப் போனதும் அவள் மண்வெட்டியை எடுத்து, அவருக்கு மேலே பழைய அளவுக்கே குழியை வெட்டினாள். அன்றிலிருந்து மயிலாப்பூர்ச் சாக்கடை ஒரு நாளும் தவறாமல் சொந்தக்காரரைத் தேடி வருகிறது. மண்டியெல்லாம் அவர் மேல் படியும். தெளிந்த தண்ணீர் கெங்கம்மாவின் பாத்திக்குப் போகும்.