காஜா பேராங்குக்கு ஆட்டமில்லை

ஆட்டமில்லாத வாரத்தில் காஜா பேராங்கில் யாரும் சாவதில்லை. மலாக்கா பட்டணத்துக் காற்பந்து லீக்கில் ஏழு அணிகள் இருந்தன. ஏழு ஒற்றைப்படை என்பதால் வாரா வாரம் ஆறு அணிகள் மோதும், ஓர் அணி சும்மா இருக்கும். எந்த அணிக்கு ஓய்வோ அந்த வட்டாரத்துக்கே ஓய்வு. ஒரு சனிக்கிழமையிலிருந்து மறு சனிக்கிழமை வரை அங்கே எதுவும் தொடங்காது, எதுவும் முடியாது. தோசை மாவு புளிக்காது, மொட்டு விரியாது, யாருக்கும் முடி வளராததால் நாவிதர் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார். காய்ச்சல் முந்தின நாள் இருந்த அளவிலேயே நிற்கும். அந்த வட்டாரத்துக்காரர்கள் எங்கே போனாலும் ஓய்வும் கூடவே போனது. 1954-இல் ஓய்வு வாரத்தில் லாரியில் அடிபட்ட சோலையப்பன் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து வீட்டுக்கு நடந்து வந்தார். அடுத்த சனிக்கிழமை திடலில் விசில் ஊதியபோது, காப்பியைப் பாதி குடித்த நிலையில் செத்துப்போனார். இதையெல்லாம் ஊரில் யாரும் பெரிதுபடுத்தவில்லை. கல்யாணத்துக்கு நாள் பார்க்கிறவர்கள் பஞ்சாங்கத்தோடு லீக் அட்டவணையையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அந்த அட்டவணையைப் போட்டவர் கலியாணசுந்தரம். ஜாலான் பெண்டஹாராவில் ஒரு துணிக்கடையில் நாள் முழுக்கக் கெஜக்கோல் பிடிக்கிறவர். லீக் செயலாளர் பதவியை அவர் கேட்டு வாங்கவில்லை. கூட்டத்துக்குத் தாமதமாகப் போனார், அதற்குள் அவர் தலையில் கட்டிவிட்டார்கள். பால் டின்கள் ஏழில் அணிகளின் பெயரை ஒட்டி, பெயரில்லாத எட்டாவது டின் ஒன்றையும் சேர்த்து, சாப்பாட்டு மேசையில் நாலுக்கு நாலாக இரண்டு வரிசை வைப்பார். எதிரும் புதிருமாக நிற்கிற டின்கள் அந்த வாரம் மோதும். அடுத்த வாரத்துக்கு வெற்று டின்னை மட்டும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு மற்ற ஏழையும் ஓர் இடம் நகர்த்துவார். இப்படியே சுற்றிவந்தால் எல்லாரும் எல்லாரோடும் ஒரு தடவை மோதிவிடுவார்கள், எல்லாரும் ஒரு தடவை வெற்று டின்னுக்கு முன்னால் நின்றுவிடுவார்கள். யாரோடு யார் மோதுவது என்று தீர்மானித்தது டின்கள். திட்டு வாங்கியது மட்டும் கலியாணசுந்தரம். மழையில் ஆட்டம் வைத்தாய் என்று ஒருவர், பலசாலியோடு முதலில் கோத்துவிட்டாய் என்று இன்னொருவர், சாகக் கிடக்கிற அப்பாவுக்காக இந்த வாரமே ஓய்வைக் கொடு என்று வாசலில் வந்து அழுகிற மகன்கள். டின் சொன்னபடிதான் என்று எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி, நாற்பது வயதிலேயே அவருக்கு அறுபது வயதுக் களைப்பு வந்துவிட்டது.

1957-ஆம் ஆண்டு நடுவில் அவர் மனைவி கமலவேணியை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வயிற்றில் கட்டி. இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். அந்த வாரம் காஜா பேராங்குக்கு ஓய்வு. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெள்ளிக்கிழமை டின்களை நகர்த்த உட்கார்ந்த கலியாணசுந்தரம் ஆறு டின்களை நகர்த்தினார். காஜா பேராங்கை வெற்று டின்னுக்கு எதிரிலேயே விட்டுவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகத் திருடியவர் மாதிரி கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அடுத்த வாரமும் அப்படியே செய்தார். அதற்கடுத்த வாரம் கையைத் துடைக்கவில்லை. லீக் முடிந்தால் ஓய்வும் முடிந்துவிடுமே என்று, சுற்று முடிந்ததும் இன்னொரு சுற்றை ஆரம்பித்துவைத்தார். மற்ற ஆறு அணிகளும் ஒன்றையொன்று பார்த்து அலுத்துப்போகும் வரை மோதின.

காஜா பேராங் அணியின் கேப்டன் நடராஜன் கம்போங் செட்டிக்காரன், பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய செட்டி வம்சம். பெயர்தான் தமிழ்ப்பெயர், பேச்செல்லாம் மலாய். வாரம் தவறாமல் வாசலில் வந்து நின்று, "பாக், பிலா கித்தா மாயின்?" என்பான். ஐயா, நாம் எப்போது ஆடுவது என்று அர்த்தம். அடுத்த வாரம் என்பார் இவர். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவான். ஆகஸ்ட் முடிவில் நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. காஜா பேராங்குக்கு வரவில்லை. ஏற்றிய கொடி கம்பத்தில் துவைத்துப் போட்ட துண்டாகத் தொங்கியது, காற்றடித்தும் அசையவில்லை. பண்டார் ஹிலிர் வரை நடந்து போய்ச் சுதந்திரத்தைப் பார்த்தவர்களுக்கும் கொட்டாவிதான் வந்தது. பக்கத்து வீட்டு ருக்மணிக்கு மாதம் எப்போதோ நிறைந்துவிட்டது. பிள்ளை உள்ளேயே இருந்தது. அவள் யாரையும் குறை சொல்லவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து கமலவேணியின் கட்டிலோரம் உட்கார்ந்துகொள்வாள். ஒருத்திக்கு வரவேண்டியது வரவில்லை, இன்னொருத்திக்குப் போகவேண்டியது போகவில்லை. இரண்டு பேரும் பேசிக்கொள்ளக்கூடத் தெம்பில்லாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கலியாணசுந்தரம் நிறுத்தியது சாவை மட்டும்தான். வலியும் நின்ற இடத்திலேயே நின்றது. ஜூலையில் எந்த அளவில் இருந்ததோ அதே அளவில், கூடாமல் குறையாமல், காலை விழித்ததிலிருந்து தூங்கும் வரை. அவருக்கு அது தெரியும். தெரிந்துதான் டின்னை நகர்த்தாமல் இருந்தார். அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கக்கூட அவருக்குப் பயமாக இருந்தது.

செப்டம்பரில் ஒரு காலை, கடைக்குக் கிளம்பியவரை அவள் கூப்பிட்டாள்.

"பசியாறிட்டீங்களா?"

"ஆச்சு. ரொட்டி வாங்கியாந்தேன்."

"நம்ம வீட்டு மாவு எத்தன வாரமாங்க புளிக்கல?"

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே இருந்தார். போட்டு முடித்த பொத்தானையே மறுபடியும் போட்டார்.

"படுத்துக் கெடந்தாலும் மூக்கு இருக்குல்ல எனக்கு," என்றாள். "ருக்மணி வயித்தப் பாக்க முடியலங்க. அந்தப் புள்ள என்ன பாவம் பண்ணுச்சு? டின்னுங்கள எடுத்துக்கிட்டு வாங்க."

"கமலா, இந்த ஒரு வாரம் மட்டும்."

"ஒவ்வொரு வாரமும் இதத்தான் சொல்லியிருப்பீங்க, ஒங்களுக்குள்ளயே. எனக்கு முடியலங்க. வலிக்குது. நாளைக்கும் இப்படித்தான் வலிக்கும்னு தெரிஞ்சுகிட்டே தூங்கறது இருக்கே, அது அதவிட வலிக்குது."

அவர் டின்களைக் கொண்டுவந்து கட்டிலிலேயே வைத்தார். அவள் மெத்தையில் கையூன்றி எழுந்து, காஜா பேராங்கை வெற்று டின்னிடமிருந்து எடுத்து, கொஞ்சம் யோசித்து, தெங்கேராவுக்கு எதிரில் வைத்தாள்.

"இவங்களோட போடுங்க. தோத்தாலும் கிட்டதான், பையனுங்க நடந்தே வந்துருவானுங்க."

அட்டவணை அன்று மாலையே திடல் பலகையில் ஒட்டப்பட்டது. அதைப் பார்த்ததும் நடராஜன் வாசலுக்கு வந்தான். கேள்வி கேட்க ஒன்றும் இல்லாததால் சும்மா நின்றான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கமலவேணியைக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

சனிக்கிழமை கலியாணசுந்தரம் திடலுக்குப் போகவில்லை. கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐந்து மணிக்கு விசில் ஊதியிருக்க வேண்டும். கம்பத்துக் கொடி படபடவென்று அடித்துக்கொண்டது, வட்டாரம் முழுக்க மூடியிருந்த மொட்டுகளெல்லாம் விரிந்தன, தெருவில் எவனோ ஒருவன் மெர்டேக்கா என்று சுதந்திர முழக்கத்தைக் கத்தினான், மூன்று வாரம் தாமதமாக. பக்கத்து வீட்டில் ருக்மணி வீறிட்டாள். "போங்க, மருத்துவச்சியக் கூட்டியாங்க," என்றாள் கமலவேணி. அவர் எழுந்திருக்கவில்லை. "போங்கங்க, நான் இருக்கேன்," என்றாள். அவர் ஓடிப்போய்க் கூட்டிவந்தார். திரும்பி வந்தபோதும் அவள் சொன்ன மாதிரியே இருந்தாள். ஆட்டத்தின் இரண்டாம் பாதியில், பக்கத்து வீட்டுக் குழந்தை அழுகிற சத்தத்தைக் கேட்டு, "பொட்டப்புள்ள," என்றாள். சொன்னபடி பெண்தான். அதைச் சொல்ல ருக்மணியின் கணவன் ஓடி வந்தபோது கமலவேணி இல்லை. அவள் முகத்தில் வலி இல்லாததைப் பார்த்த பிறகுதான் கலியாணசுந்தரம் வாய்விட்டு அழுதார்.

காஜா பேராங் மூன்றுக்கு ஒன்று என்று தோற்றது. மறுநாள் பாடை தூக்க அணிக்காரர்கள் வந்தார்கள், எல்லாரும் ஜெர்சியில். இத்தனை மாதம் ஆடாமல் கிடந்த ஜெர்சியில் ஒரு நாள் சேறு மட்டும்தான் ஒட்டியிருந்தது. அதைத் துவைக்க அவர்களுக்கு நேரமில்லை. நடராஜன் முன்னால் தோள் கொடுத்தான். 

சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது லீக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து, அடுத்த சனிக்கிழமை பண்டார் ஹிலிரோடு இருக்கிற ஆட்டத்தைத் தள்ளிவைக்கலாமா என்று மெதுவாகக் கேட்டார்.  ஈர வேட்டி காலில் ஒட்டியது. வேண்டாம், ஆடட்டும் என்றார் கலியாணசுந்தரம்.