ஆண்டனி வீட்டுத் தபால் ஆபீஸ்

“தினம் கேட்டேனேண்ணா! நாலு மாசமா தினம் கேட்டேன், லெட்டர் வந்துதா, லெட்டர் வந்துதான்னு. ஒண்ணும் வரலைன்னு எப்படி வாய் கூசாம சொன்ன?”

“வந்தது எனக்கே தெரியாது மோனி...”

“உன் பெட்டிக்குத் தெரிஞ்சிருக்கே!”

அடுத்து ஏதோ பாத்திரம் உருண்ட சத்தம். நான் ஒட்டுக்கேட்கப் போகவில்லை. பெங்களூர் ஜீவனஹள்ளியில் எங்கள் சந்தில் எனக்கும் ஆரோக்கியசாமி வீட்டுக்கும் ஒரே சுவர். அவர்கள் கத்தினால் என் காதை நான் எங்கே கழற்றி வைப்பது?

பெட்டி என்றது கம்ப்யூட்டரை. கத்தியவள் ஆரோக்கியசாமி மகள் மோனிகா. அவள் அண்ணன் ஆண்டனிக்கு பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிற வேலை. மிச்ச நேரமெல்லாம் அந்தப் பெட்டிதான். எஸ்.பி. ரோடு கடைகளில் பொறுக்கிய பழைய பாகங்களைச் சேர்த்து முடுக்கி, அதில் லினக்ஸ் என்ற புரோகிராமை ஏற்றி, ஷோகேஸில் மாதா சுரூபத்துக்குக் கீழே வைத்திருந்தான். மாதாவின் சீரியல் பல்பைக்கூட அணைப்பார்கள், இதை அணைக்கக் கூடாது. அவன் அம்மா லூர்துமேரி தூசி தட்டவும் கிட்டே போகக் கூடாது. லினக்ஸ் என்றால் யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்த்துத் திருத்திக்கொள்ளலாமாம். ஒருநாள் ஒரு மணி நேரம் எனக்கு விளக்கினான். அடுப்பில் பருப்பு இருக்கிறது என்று சொல்லித் தப்பித்தேன்.

ஊரெல்லாம் இலவச ஈ-மெயில் வைத்திருக்க, இவன் வீட்டு மெயில் மட்டும் இவன் பெட்டிக்கே வந்து இறங்கும்.

“அடுத்தவன் பெட்டியில நம்ம லெட்டர் ஏன்க்கா கெடக்கணும்? நம்ம தபால் ஆபீஸ் நம்ம வீட்டுலயே.”

தபால் ஆபீஸ் வைத்தால் குப்பையும் வருமே. வந்தது. எங்கோ செத்துப்போன ஜெனரலின் பெண்டாட்டி, “கிறிஸ்துவில் மிகவும் பிரியமானவர்களே” என்று ஆரம்பித்து, பெட்டி நிறையத் தங்கம் இருக்கிறது, பங்கு தருகிறேன் என்று இங்கிலீஷில் எழுதுவாள். ஒரு நாளைக்குப் பத்து. ஆண்டனி பொறுமையாக உட்கார்ந்து, இது குப்பை, இதுவும் குப்பை என்று பெட்டிக்குச் சொல்லிக் கொடுத்தான். அதுவும் கற்றுக்கொண்டு, அந்த மாதிரிக் கடிதங்களைத் தானே ஒரு மூலையில் தள்ளிவிட்டது. “ஒரு குப்பைகூட உள்ள வரலைக்கா” என்று கிறிஸ்துமஸ் கேக்கோடு வந்து பீற்றிக்கொண்டான்.

அந்தக் கிறிஸ்துமஸ் லீவில்தான் நோயல் பெண் பார்க்க வந்தான். கோலார் தங்கவயல் பையன், மாரிகுப்பம். அப்பா சுரங்கத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார், அம்மா மட்டும். மஸ்கட்டில் வேலை. விவேக்நகர் கோயிலில் பத்து நிமிடம் பேசினார்கள். மோனிகாவுக்கு இருபத்தொன்பது. அதற்கு முன் வந்த ஏழு பேரைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவள், இவன் மெழுகுவர்த்தியைத் தலைகீழாகப் பற்றவைத்த கதையை என்னிடமே மூன்று தரம் சொல்லிச் சிரித்தாள். நான் எண்ணினேன்.

போய் எழுதுகிறேன் என்றான் நோயல். ஆண்டனி தன் சொந்த ஈ-மெயில் விலாசத்தைக் கோயில் நோட்டீஸின் பின்னால் பெருமையாக எழுதிக் கொடுத்தான்.

ஜனவரி போயிற்று, பிப்ரவரி போயிற்று. ஒரு போன் போட்டால் என்ன என்றேன். “பொண்ணு வூட்டுக்காரன் நானா போன் பண்ணி இளிக்கறது?” என்று ஆரோக்கியசாமி என்மேல் பாய்ந்தார். அவரும் தங்கவயலில் இறங்கி நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவர். மிச்சம் இருந்தது அந்த ரோஷம்தான்.

ஈஸ்டர் முடிந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெரு அன்னம்மாள் தங்கவயல் போய்விட்டு சாயங்காலம் திரும்பினாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“நோயலுக்கு மொத ஓலை வாசிச்சிட்டாங்க. ராபர்ட்சன்பேட்டை பொண்ணாம்.”

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பேரை வாசித்து, தடை உண்டா என்று கோயிலில் கேட்பார்களே, அந்த ஓலை.

“அவங்கதானே லெட்டரே போடலை?” என்றாள் லூர்துமேரி.

“பையன் மூணு லெட்டர் போட்டானாமே! பெங்களூர் போனதும் திமிர் ஏறிடுச்சுன்னு அவங்கம்மா என்கிட்டயே சொல்லுச்சு.”

ஆண்டனி ஓடிப்போய் பெட்டி முன் உட்கார்ந்தான். குப்பை மூலையில் கிடந்தன, மூன்றும். “கிறிஸ்துவில் மிகவும் பிரியமானவர்களே” என்று இங்கிலீஷில் பக்தியாகத் தொடங்கி, காலஞ்சென்ற என் தகப்பனார், தங்கச் சுரங்கம், மஸ்கட் என்று போகிறது கடிதம். ஜெனரலின் விதவை தோற்றாள். மூன்றாவதில், தவக்காலம் தொடங்குமுன் பதில் இல்லாவிட்டால் விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்கிறேன் என்று இருந்தது. அடியில் மோனிகாவுக்கு ஒரு வரி: இப்போதெல்லாம் மெழுகுவர்த்தியை நேராகத்தான் பிடிக்கிறேன்.

அதைப் படித்த பிறகு வந்ததுதான் முதலில் சொன்ன சண்டை.

“இப்பவே எழுதறேன் மோனி, விளக்கமா எழுதறேன்” என்று ஆண்டனி தட்டினான். ஐந்து நிமிடத்தில் கடிதம் திரும்பி வந்துவிட்டது. வீட்டு இணைப்பிலிருந்து வருவதை வாங்குவதில்லை என்று நோயல் ஆபீஸ் கம்ப்யூட்டர் சொன்னதாம். அதன் கணக்கில் இவன் குப்பை.

“ஆயித்து” என்றாள் மோனிகா. முடிந்தது என்பதற்குக் கன்னடத்தில் ஒரு வார்த்தை. அழக்கூட இல்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் ஆரோக்கியசாமி ரோஷத்தை வீட்டில் வைத்துவிட்டு மாரிகுப்பம் ரயில் ஏறினார். படியேற மூச்சு முட்டுகிற மனுஷன். நோயலின் அம்மா மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டாளாம். “ஓலை வாசிச்ச பொண்ண நடுவுல வுட்டா அந்தப் பொண்ணு கதி இன்னா, நீங்களே சொல்லுங்க அண்ணே.” இவர் காபி குடித்துவிட்டு, கல்யாணப் பத்திரிகையோடு திரும்பினார்.

மே மாதம் நோயல் ராபர்ட்சன்பேட்டைப் பெண்ணைக் கட்டி மஸ்கட்டுக்குக் கூட்டிப் போனான். அடுத்த வருஷம் ஆரோக்கியசாமி கண்ணை மூடினார். ஆண்டனி அன்னம்மாளின் அக்கா மகளைக் கட்டிக்கொண்டு ஓசூர் பக்கம் குடிபோனான். பெட்டி ஆட்டோவில் புதுப்பெண்டாட்டி மடியில் போயிற்று. மோனிகா ஆனேக்கலில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்து, அம்மாவை அழைத்துக்கொண்டு அங்கேயே போய்விட்டாள். அப்புறம் லெட்டர் போட்டு எத்தனையோ வரன் சொன்னேன், ஒன்றுக்கும் பதில் இல்லை.