ஆத்தாவுக்கு வச்ச எலை

கட்டுமாவடியிலேருந்து இலுப்பூருக்கு மீன் லோடு ஓட்டுற ஆளு நான். பேய் பிசாசுன்னா சிரிப்பேன். ஆனா செத்துப்போன எங்க ஆத்தா வந்துச்சுன்னு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சவனும் நான்தான்.

ஆத்தாவோட மொத தெவசம். படத்துக்கு முன்னால எலை போட்டு, வடை, பணியாரம், பாயாசம்னு படைச்சு, சூடம் காட்டிக் கதவைச் சாத்தினேன். செத்தவுங்க வந்து சாப்பிடட்டும்னு கொஞ்ச நேரம் சாத்தி வைக்கிறது எங்க வழக்கம். தண்ணி வைக்கப் போன எம்பொண்டாட்டி செல்வராணி உள்ளயே இருந்ததைக் கவனிக்கலை. வெளியே கைகட்டி நிக்கிறேன், உள்ளேருந்து கொறட்டை. இழுக்குது, நிக்குது, அப்புறம் தெணறி மறுபடி இழுக்குது. சாட்சாத் ஆத்தாவோட கொறட்டை. ராத்திரியில லோடு ஓட்டப் போயிடுற எனக்கு செல்வராணி கொறட்டை பழக்கமில்லை. எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு.

கதவைத் தெறந்தா ஒரே சாம்பிராணிப் பொகை. அதுக்குள்ள செல்வராணி செவுத்துல சாஞ்சு தூங்குறா. எலையில ஒரு துணுக்கு இல்லை. ஆத்தா இவ மேல எறங்கிச் சாப்பிட்டிருக்குன்னு விழுந்து கும்பிட்டேன். அவ முழிச்சு என்னையே பாத்தா.

அதுலேருந்து அமாவாசைக்கு அமாவாசை அவளை உள்ள உக்கார வச்சுக் கதவைச் சாத்துவேன். ஆத்தாவுக்குப் பத்தாதேன்னு பணியாரத்தைக் கூட்டிக்கிட்டே போனேன். கூறுகெட்ட பய நான்.

ஏற்கெனவே பூசுன ஒடம்பு, இன்னும் பெருத்து அவளுக்கு முட்டி வலி வந்துச்சு. பேசிக்கிட்டிருக்கும்போதே தலை தொங்கித் தூங்கிப்போவா. எடை கொறைக்கிற ஆபரேஷன் பண்ணிக்கிறேன்னு அவளேதான் கேட்டா. திருச்சியில ஒரு டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போனேன். தூக்கத்துல அவ மூச்சை டெஸ்ட் பண்ணிட்டு அந்தம்மா சொன்னாங்க: “தூங்கும்போது இவங்களுக்கு மூச்சு நின்னு நின்னு வருது. இப்படியே மயக்க மருந்து கொடுத்தா உயிருக்கே ஆபத்து. சாப்பாட்டுப் பழக்கத்தையும் மறைக்காமச் சொல்லணும்.”

“கொஞ்சமாத்தாம்மா சாப்பிடுவா”ன்னு நான் முந்திக்கிட்டேன்.

செல்வராணி என் கையைப் பிடிச்சா. “ஏங்க, ஒங்காத்தா வரலைங்க. நான்தான் தின்னேன். மத்த நாள்லயும் இப்புடித்தான், பட்டினி கெடந்துட்டு ஆரம்பிச்சா நிறுத்த முடியலை. வயிறு வலிக்க வலிக்க, அழுதுகிட்டே தின்னேன். அப்புறம் கண்ணு சொக்கிரும். நீங்க கும்பிட்டு நின்னீங்க, நான் எப்புடிச் சொல்ல?”

எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துச்சு. ஊருல மூஞ்சியை எங்க வச்சுக்கிறதுன்னுதான் மொதல்ல நெனச்சேன். அப்புறம்தான் ஆத்தா செத்த விடியக்காலை ஞாபகம் வந்துச்சு. ராவெல்லாம் இழுத்துக்கிட்டிருந்த கொறட்டை நின்னுச்சு. அசந்து தூங்குதுன்னு நானும் பக்கத்துல படுத்துத் தூங்கிட்டேன். அது மறுபடி இழுக்கவே இல்லை. அந்தக் கொறட்டையத்தான் நான் கைகட்டிக் கும்பிட்டிருக்கேன்.

டாக்டரம்மா ஆபரேஷனைத் தள்ளி வச்சாங்க. தூங்குறப்ப மூக்குல மாட்டிக்க ஒரு காத்து மெஷின் கொடுத்தாங்க. சாப்பாட்டுப் பிரச்சினையைப் பேசித் தீத்துக்க மனசுக்கு வைத்தியம் பாக்குற இன்னொரு டாக்டரம்மாகிட்ட அனுப்பினாங்க.

அடுத்த அமாவாசைக்கும் எலை போட்டேன். படைக்கிறதுக்கு முந்தி சாப்பிடக் கூடாதுங்கிறதை விட்டுட்டு, காலையிலேயே அவளுக்கு இட்லி ஊத்திக் கொடுத்தேன். கதவைச் சாத்திட்டு ரெண்டு பேரும் வெளியவே உக்காந்தோம். உள்ள சத்தமே இல்லை. தெறந்தா வச்சது வச்சபடி இருந்துச்சு. எனக்கு ஆத்தா ரெண்டாந்தரம் செத்துப்போச்சு.

மத்தியானம் செல்வராணி மாஸ்க்கை மாட்டிக்கிட்டுப் படுத்தா. பொகை இன்னும் கலையலை, சன்னல் வெயில்ல மெதந்துக்கிட்டு இருந்துச்சு. கட்டுமாவடிக் கரையில அலை வந்து போற மாதிரி மெஷின் மெல்ல சத்தம் போட்டுச்சு. நான் அந்த எலையை மடியில வச்சுக்கிட்டு, ஆறிப்போன பணியாரத்தைத் தின்னுக்கிட்டே அவ மூச்சைக் கேட்டுக்கிட்டிருந்தேன். வந்துச்சு. போச்சு. மறுபடி வந்துச்சு.