லக்ஷ்மியின் கட்டைவிரல்

ரேகைகள் பொன்னாகி எழும்புகின்றன, முதலில் ஓரத்தில் ஒரு வளைவு, பிறகு அதற்குள் இன்னொன்று, தூளாகக் கிடந்ததெல்லாம் நெளிந்து உருகி ஒன்றோடொன்று ஒட்டி, கொதிநீர் பட்ட தோல்போல உப்பிப் பளபளக்கிறது, சூடான காற்றைப் பீய்ச்சும் ஹீட் கன் என் வலது கையில் உறுமுகிறது, இடது கட்டைவிரலில் நிறமே இல்லாத மை, பிசுக்கென்று ஒட்டுவதைத் தவிர அது இருக்கிறது என்பதற்கு வேறு அடையாளம் கிடையாது, அட்டையின் பின்பக்கத்தில் விரலை அழுத்தி எடுத்தால் வெறும் வெள்ளைதான், பொன்தூளைத் தூவி உதறிய பிறகுதான் ஒரு விரல் அங்கே வந்து போனதே தெரியும், வாழ்த்து அட்டை ஒவ்வொன்றின் பின்னாலும் இப்படி ஒரு கட்டைவிரல், என் கட்டைவிரல், ஓவியர்கள் படத்தின் மூலையில் பெயரைப் போடுகிறார்களே அதைப்போல இது செய்தவளின் முத்திரை என்றுதான் ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன், நினைத்தது மட்டுமா, பெருமைப்பட்டேன், ரேஷன் கடையில் மைப்பெட்டியில் விரலை முக்கி எடுத்து நோட்டில் வைத்துவிட்டு மிச்ச மையைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டே வெளியே வரும் என் அம்மாவை நினைத்துக்கொள்வேன், அந்தக் கட்டைவிரல் எழுதத் தெரியாததற்கு, இந்தக் கட்டைவிரல் தெரிந்ததற்கு, ஒரே தலைமுறையில் நாங்கள் எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் பார் என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொள்வேன், சொல்லிக்கொண்டேனே, அதை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறையலாம்போல இருக்கிறது.

புதுச்சேரியில் கடலுக்குப் பக்கத்துத் தெருவில் மஞ்சள் சுவர் வீடு, மதாமின் வீடு, பிரான்சில் பல காலம் இருந்துவிட்டு வந்த தமிழ்க்காரி, கீழே பட்டறை, மேலே மதாமின் குடித்தனம், அங்கே என் அம்மா பாத்திரம் தேய்த்துச் சமைக்கிறாள், கீழே நான் கண்ணாடி மேசை முன்னால், கண்ணாடிக்கு அடியில் பல்பு எரிகிறது, பூ உருவம் வெட்டிய தகட்டைக் கண்ணாடிமேல் வைத்து அதன்மேல் தாளைக் கவிழ்த்துப் போட்டு, அடியிலிருந்து வரும் வெளிச்சத்தில் தெரியும் உருவத்தின் ஓரமாக உருண்டை முனைக் கம்பியால் அழுத்திக்கொண்டே போனால், திருப்பிப் பார்க்கும்போது முன்பக்கத்தில் பூ புடைத்து நிற்கும், எழுத்தாக இருந்தால் வலமிடம் மாற்றித்தான் அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடியில் பார்த்ததுபோல ஆகிவிடும், எனக்கு ஒருதடவைகூட மாறியதில்லை, மதாம் அதைப் பார்த்துச் சிரித்துத் தலையில் தட்டிக் கொடுப்பார், குழப்பமே வரதில்ல பாத்தியா உனக்கு, அதுதான் உன் வரம் என்பார், என்ன வரம் என்று நான் கேட்கவில்லை, வேலை கேட்டுப் போகிற இடமெல்லாம் அப்பா என்ன வேலை, எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டுக் கேட்டு வெளியே அனுப்பிய நேர்காணல்களைப் பார்த்தவள் நான், இங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை, என்ன படித்தாய் என்றுகூட, அடடா, வேலையை மட்டும் பார்க்கிற மனுஷி என்று மதாமை மனசுக்குள் மரியாதையாக வைத்திருந்தேன், லக்ஷ்மி லக்ஷ்மி என்று கூப்பிடுவார், அது என் பெயரில்லை, வீட்டுக்கு வருகிற பெண்ணை மகாலட்சுமி என்பார்களே, அந்தச் செல்லம் என்று விட்டுவிட்டேன்.

இன்றைக்கு மத்தியானம் பிரான்சிலிருந்து அட்டை வாங்குகிறவர்கள் பட்டறையைப் பார்க்க வருகிறார்கள், வெயிலில் சிவந்த முகங்கள், வைக்கோல் தொப்பிகள், அவர்களைக் கூட்டிக்கொண்டு முன்னால் வருகிறவளை எனக்குத் தெரியும், சலேத், கல்லூரியில் என் பெஞ்சு, நான் மொழிப்பாடம் தமிழ் எடுத்தபோது அவள் பிரெஞ்சு எடுத்தாள், இப்போது அதை வைத்துத்தான் சுற்றுலாக்காரர்களுக்கு ஊரைக் காட்டிப் பிழைக்கிறாள் போலிருக்கிறது, என்னைப் பார்த்ததும் கண்ணை விரித்து, அடியே கெமிஸ்ட்ரி, நீ எங்கடி இங்க, என்கிறாள், இங்கதான்டி வேலை என்கிறேன், மதாம் விருந்தாளிகளோடு சுவரில் மாட்டிய அட்டைகளைக் காட்டி ஏதோ பேசிக்கொண்டிருக்கிறார், சலேத் என் மேசையிலிருந்து ஓர் அட்டையை எடுக்கிறாள், நான் அழுத்திய தாமரை, நல்லாருக்குடி என்று விரலால் தடவிப் பார்க்கிறாள், திருப்புகிறாள், பொன் கட்டைவிரலைப் பார்க்கிறாள், அதற்குக் கீழே பொடி எழுத்தில் அச்சடித்த பிரெஞ்சு வரிகளைப் படிக்கிறாள், அட்டைகள் வரும்போதே அந்த வரிகள் அச்சாகித்தான் வரும், ஏதோ முகவரி, ஏதோ வாழ்த்து, நடுவில் லக்ஷ்மி என்றிருப்பது கடைப் பெயராக இருக்கும் என்று நான் பார்த்ததோடு சரி, படிக்கப் படிக்க அவள் முகத்தில் சிரிப்பு அங்கேயே காய்ந்துபோகிறது, இதுல இன்னா போட்டிருக்குன்னு உனக்குத் தெரியுமாடி, தெரியாது, படி, வேணாம்டி, படிடி என்கிறேன், அவள் மதாம் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தித் தமிழில் சொல்கிறாள், என் பெயர் லக்ஷ்மி, நான் பள்ளிக்கூடத்தைப் பார்த்ததில்லை, என் பெயரை எழுத எனக்குத் தெரியாது, இதோ இதுதான் என் கையெழுத்து, இந்த அட்டையை வாங்கியதால் நீங்கள் எனக்கு ஓர் எழுத்தைப் பரிசளித்தீர்கள்.

காது கேட்கிறது, ஆனால் உள்ளே எதுவும் போகவில்லை, இன்னொரு தடவை சொல்லு என்கிறேன், அவள் இன்னொரு தடவை சொல்கிறாள், அதே வரிகள், மாறவில்லை, அப்போதுதான் ஒன்றொன்றாகத் திரும்பி வந்து என் முன்னால் நிற்கின்றன, தூள் டப்பாக்களில் பெயர் எழுதாமல் சிவப்புப் பொட்டு மஞ்சள் பொட்டு ஒட்டி வைத்திருந்தது, என்ன ஆர்டர் என்று எழுதித் தராமல் விளக்கு, மணி, நட்சத்திரம் என்று படமாக வரைந்து தந்தது, படம் போடும் கலைஞர்கள் இப்படித்தான் போலும் என்று நான் வியந்தது, என்னிடம் பேசும்போது மட்டும் மதாம் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி உரக்கப் பேசியது, முதல் நாள் தூளைக் கையில் கொட்டிக் காட்டி, லக்ஷ்மி, இது மந்திரத் தூள், காத்து பட்டா தங்கமாகும் என்றது, நான் சிரித்தேன், அது பிசின் தூள், இந்தச் சூட்டில் உருகும் என்று எனக்குத் தெரியும், உருகுநிலை பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள், மதாம் வேடிக்கை பண்ணுகிறார் என்று சிரித்தேன், வரம் என்றாரே, அது இதுதான், எழுத்தே தெரியாதவளுக்கு எழுத்து வலமிடம் மாறினால் என்ன, மாறாவிட்டால் என்ன, எல்லாமே அவளுக்கு வெறும் கோடு, அதனால்தான் குழப்பம் வரவில்லையாம், எத்தனை அட்டை, எத்தனை வீட்டு அலமாரியில், எத்தனை பேரின் பிறந்தநாளில், தெரியாது தெரியாது தெரியாது என்று என் விரலாலேயே நான் பொன்னில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

மாடிப்படி எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை, அடுப்படியில் அம்மா விருந்தாளிகளுக்கு எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருக்கிறாள், நெற்றியில் வியர்வை, எம்மா, அந்தம்மா என்னைப் படிக்காதவன்னு அட்டையில போட்டு வித்துகினு இருக்காம்மா, வா கீழ, நாக்கப் புடுங்கற மாதிரி கேக்கலாம் வா என்று நான் கத்துகிறேன், அம்மா அதிர்ச்சி அடைவாள் என்று எதிர்பார்க்கிறேன், அவள் எலுமிச்சம்பழத்தைக் கீழே வைக்கவில்லை, கொட்டையைத்தான் பொறுக்கிப் போடுகிறாள், மெள்ள பேசு பாப்பா என்கிறாள், கதவைச் சாத்துகிறாள், நாந்தான் சொன்னன் என்கிறாள், என்ன சொன்ன, நீ படிக்கலன்னு, யார்கிட்ட, அந்தம்மாகிட்டதான், அவங்க படிக்காத பொண்ணா இருந்தா கூட்டியான்னாங்க, கூட்டியாந்தேன், அரிசி டப்பாமேல் உட்கார்ந்துவிடுகிறேன், வீட்டுக்கு யார் வந்தாலும் மின்விசிறியைப் போடுவதற்கு முன்னால் பட்டமளிப்பு அங்கி போட்ட என் போட்டோவைக் காட்டுகிறவள், கண்ணாடியில் தூசி படிந்தால் முந்தானையால் துடைக்கிறவள், அவளா, உன் வாயாலயாம்மா, எப்படிம்மா வந்துச்சு, என்று கேட்கிறேன், அம்மாவுக்கும் இப்போது கோபம் வருகிறது, இன்னாடி பண்ணச் சொல்ற, படிச்ச பொண்ணு படிச்ச பொண்ணுன்னு எத்தினி வாசல்ல போயி நின்னேன், பாக்கலாம் பாக்கலாம்னு சொன்னவன்தான் அல்லாரும், ஒருத்தன் வேல குடுத்தானா, படிக்கலன்னு ஒருதபா சொன்னேன், நாளைக்கே கூட்டியான்னாங்க, அதுக்குப் பேரு இன்னா, நீயே சொல்லு, நீதான் படிச்சவளாச்சே, என்கிறாள், பிறகு அவளே என் கையைப் பிடித்துக்கொண்டு, கீழ போயி வாயத் தொறந்துடாத பாப்பா, எனக்கு இந்த வூட்ட வுட்டா வேற கெதி இல்ல, என்கிறாள், கையில் எலுமிச்சை வாசனை, புளிப்பு.

லக்ஷ்மி என்று கீழேயிருந்து கூப்பிடுகிறார் மதாம், சொல்லை நிறுத்தி, உரக்க, வா, லக்ஷ்மி, விரல் வச்சுக் காட்டு, இறங்கி வருகிறேன், மேசையைச் சுற்றித் தொப்பிகள் வட்டமாக நிற்கின்றன, நடுவில் வெள்ளை அட்டை தயாராக இருக்கிறது, மைத் திண்டு தயாராக இருக்கிறது, ஒரு வயதான அம்மாள் இப்போதே கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொண்டு என்னைக் கருணையோடு பார்க்கிறாள், அந்தக் கருணையை வாழ்நாளில் மறக்க மாட்டேன், நாய்க்குட்டியின் கால் ஒடிந்தால் அப்படிப் பார்ப்பார்கள், என் கட்டைவிரல் மைத் திண்டை நோக்கித் தானாகப் போகிறது, பழக்கம், ரேஷன் கடையில் அம்மாவின் விரல் போனதே அதே போக்கு, பாதியில் நிறுத்துகிறேன், பக்கத்தில் மதாம் பிரெஞ்சு வாழ்த்து எழுத வைத்திருக்கும் பேனா, அதே நிறமில்லாத மை ஊறியது, அதை எடுக்கிறேன், மதாம் புருவத்தைச் சுருக்குகிறார், விரல், லக்ஷ்மி, விரல் என்று தன் கட்டைவிரலையே தூக்கிக் காட்டுகிறார், நான் அட்டையில் எழுதுகிறேன், யாருக்கும் எதுவும் தெரியவில்லை, வெள்ளைமேல் ஈரம் மட்டும் ஓடுகிறது, தூளைத் தூவுகிறேன், உதறுகிறேன், ஹீட் கன்னை முடுக்குகிறேன், உறுமல், முதலில் அப்பா பெயரின் முதலெழுத்து புடைக்கிறது, பிறகு என் பெயர், என்னுடைய சொந்தப் பெயர், தமிழில், பொன்னில், பக்கத்தில் பி.எஸ்சி., வேதியியல்.

மதாமுக்குத் தமிழ் படிக்கத் தெரியும், படிக்கிறார், முகத்தில் ரத்தம் வற்றுவதை நான் பார்க்கிறேன், இப்போது கத்துவார், இப்போது வெளியே போ என்பார் என்று காத்திருக்கிறேன், மதாம் அட்டையை இரண்டு கையாலும் எடுத்து உயர்த்திப் பிடித்துப் பிரெஞ்சில் ஏதோ சொல்கிறார், குரல் தழுதழுக்கிறது, வட்டமாக நின்றவர்கள் ஆ என்கிறார்கள், ஒருவர் கை தட்டுகிறார், எல்லோரும் தட்டுகிறார்கள், கைக்குட்டை அம்மாள் அழுதேவிடுகிறாள், சலேத் என் காதில் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறாள், நீ உன் பேர எழுதக் கத்துக்கிட்டியாம்டி, வந்த ஒரே வருஷத்துல, அவங்களே கூட உக்காந்து எழுத்து எழுத்தா சொல்லிக் குடுத்தாங்களாம், இது அவங்க அட்டை செஞ்ச அதிசயமாம், கையில் ஹீட் கன் இன்னும் உறுமிக்கொண்டிருக்கிறது, அணைக்கத் தோன்றவில்லை, என் பெயரை எழுதினேன், அதையும் எடுத்துக்கொண்டார்கள், எவ்வளவு எளிதாக, மூச்சு விடும் நேரத்தில், மாடிப்படியின் கடைசிப் படியில் அம்மா பழச்சாற்றுத் தட்டோடு நிற்கிறாள், எல்லோரும் என்னைப் பார்த்துத் தட்டுவதைப் பார்க்கிறாள், தட்டைத் தரையில் வைத்துவிட்டு அவளும் தட்டுகிறாள், அவள் முகம் பட்டமளிப்பு அன்று இருந்ததைப்போலவே இருக்கிறது.

சலேத் கேட்கிறாள், இவங்களுக்கு நான் சொல்லட்டுமாடி, அதுல இன்னா எழுதியிருக்குன்னு, சொன்னா எனக்கும் இந்த வேல போகும், பரவால்ல, ஆனா உங்கம்மா, என்று படியைப் பார்க்கிறாள், நானும் பார்க்கிறேன், அம்மா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிச் சிரிக்கிறாள், நான் ஹீட் கன்னை அணைக்கிறேன், சொல்லு என்கிறேன், பி.எஸ்சி.ன்னா இன்னான்னும் சேத்துச் சொல்லு, சலேத் தொண்டையைச் செருமிக்கொண்டு பிரெஞ்சில் பேசத் தொடங்குகிறாள், மதாமின் கை தாழ்கிறது, நான் அட்டையை அதிலிருந்து வாங்கிக்கொள்கிறேன், வட்டத்தில் தட்டிய கைகள் ஒவ்வொன்றாக நிற்கின்றன, கைக்குட்டை முகத்திலிருந்து இறங்குகிறது, என் கட்டைவிரலுக்கு அடியில் எழுத்துகள் சுடச்சுடப் புடைத்துக்கொண்டு நிற்கின்றன, ரேகைமேல் அவற்றின் அச்சு விழுகிறது, அம்மா மட்டும், ஈரக் கையோடு, இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறாள்.