முழு வருகை

தொற்றுக் காலத்தில் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவளுக்கு, யார் வீட்டில் யார் இருமுகிறார்கள் என்பது பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு முன்பே தெரிந்துவிடும். எனக்கும் தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய? கேட்டதைக் கொடு, கேட்காததைக் கேட்காதே என்பது நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே எங்கள் முதலாளி போட்ட சட்டம். நானோ நாக்கில் கேள்வியை வைத்துக்கொண்டே பிறந்தவள். பல்லைக் கடித்துக்கொண்டு மருந்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பள்ளி திறப்பதற்கு முன்பு ஒரு படிவம் வந்தது. பிள்ளையை நேரில் அனுப்புவது உங்கள் விருப்பம், எது நடந்தாலும் பொறுப்பும் உங்களுடையதே என்று அதில் அச்சடித்திருந்தார்கள். நானும் என் வீட்டுக்காரரும் நான்கு நாள் சண்டை போட்டோம். எங்கள் மகளுக்கு எட்டு வயது. வாய் காது வரை நீளும் என்பதால் வீட்டில் அவளுக்கு வாயாடி என்றுதான் பெயர். ஆனால் பிறந்ததிலிருந்தே நெஞ்சு பலவீனம். சாதாரணச் சளிக்கே மூன்று நாள் இழுக்கும். போன வருடம் ஐந்து நாள் ஆக்ஸிஜன் வைத்துத்தான் மீட்டு வந்தோம். இந்தக் காய்ச்சல் மட்டும் இவளுக்கு வரக் கூடாது என்று டாக்டர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அவர் அப்படி நேராகப் பார்த்துப் பேசுகிறவர் இல்லை.

வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றேன் நான். யார் வைத்துக்கொள்வது என்றார் அவர். அவருக்குக் கிடங்கில் பார்சல் கட்டும் வேலை. பள்ளி மூடியிருந்த மாதங்களில் மகளுக்குத் துணையிருந்தே விடுப்பு முழுவதையும் தீர்த்துவிட்டார். இனி ஒரு நாள் லீவு கேட்டாலும் அப்படியே போய்விடலாம் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். என் கடையில் ஊரின் இருமல் முழுவதும் கூடுகிறது, அங்கே அவளை உட்கார வைக்க முடியாது. கையெழுத்துப் போட்டேன். எரிச்சலில் பேனா தாளைக் கிழித்துவிட்டது.

ஆனால் என் பங்குக்கு நான் ஒரு சட்டம் போட்டேன். நாள் முழுக்க நோயாளிகளின் முகத்துக்கு எதிரே நிற்பவள் நான். வீட்டுக்குள் கிருமி வருவதென்றால் என் மூலமாகத்தான் வரும். அதனால் நான் கூடத்தில் தனியாகப் படுத்துக்கொள்வேன். அப்பாவும் மகளும் அறையில். காலையில் அவள் எழும் முன்பு கிளம்பி, இரவு ஏழு மணிக்குத் திரும்பி, முகக்கவசத்தோடு அறை வாசலில் நின்று பார்ப்பேன். வாயாடிக்கு இது ஒரு விளையாட்டாகிவிட்டது. நான் ஓரடி முன்னால் வைத்தால் போலீஸ்காரர் மாதிரிக் கையை நீட்டி, "எட்ட நில்லுங்க" என்பாள். சிரித்துக்கொண்டே எட்ட நிற்பேன். மூன்று வாரமாக என் மகளை நான் தொடவில்லை.

பள்ளி வாசலில் காவலாளி கையில் ஒரு துப்பாக்கி இருந்தது. நெற்றிக்கு நேரே பிடித்தால் உடம்புச் சூட்டைக் காட்டும் கருவி. பச்சை எரிந்தால் உள்ளே, சிவப்பு எரிந்தால் வீட்டுக்கு. அந்த மனிதருக்கு அது கிடைத்ததிலிருந்து நடையே மாறிவிட்டதாகப் பேச்சு.

இரண்டாவது வாரத்தில் எனக்குள் ஏதோ உறுத்த ஆரம்பித்தது. பிள்ளைகளுக்கான காய்ச்சல் சிரப்பை எப்போதும் சாயங்காலம் வேலை முடிந்து போகும்போதுதான் வாங்குவார்கள். இப்போது காலை ஏழு மணிக்கு வாங்க வந்தார்கள். அவசரமாக, கண்ணைப் பார்க்காமல். முதலில் இரண்டு பேர், பிறகு ஐந்து பேர். ஒரு வாரத்துக்கு வரும் பெட்டி இரண்டு நாளில் காலியானது. வாங்கியவர்களில் பலருக்குப் பின்னால், கடைப் படியில், புத்தகப்பை மாட்டிய பிள்ளை நின்றுகொண்டிருந்தது.

அதே வாரம் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் தலைமை ஆசிரியை தினமும் ஒரு செய்தி போட்டார். இன்றும் முழு வருகை, ஒரு மாணவர்கூட விடுப்பில் இல்லை என்று பூப்படத்தோடு வரும். எல்லோரும் கை தட்டும் பொம்மைகளை அனுப்பினார்கள். மழை பிடித்திருந்த நேரம் அது. தொற்றே இல்லாத நல்ல காலத்தில்கூட அந்தப் பருவத்தில் வகுப்புக்கு நான்கு பேராவது மூக்கைச் சிந்திக்கொண்டு வீட்டில் கிடப்பார்கள். என் கண் முன்னால் சிரப் பெட்டிகள் காலியாகின்றன, பள்ளியிலோ ஒரு நாற்காலி காலியில்லை. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் கணக்கு உதைத்தது.

புதன்கிழமை காலை தையல்காரம்மா வந்தாள். அவள் மகனும் என் மகளும் ஒரே பெஞ்ச். சிரப்பை வாங்கியவள் படியிலேயே மூடியைத் திருகி, ஒரு மூடி ஊற்றி மகன் வாயில் விட்டாள். பிறகு எங்கள் கடைக் கடிகாரத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முதலாளியின் சட்டம் காற்றில் போக, பையனுக்குக் காய்ச்சலா என்று கேட்டுவிட்டேன். லேசாகச் சூடு என்றாள். அதோடு பள்ளிக்கா என்றேன்.

"நீங்கதானே சொன்னீங்க," என்றாள். "குடிச்ச அரை மணி நேரத்துல சூடு இறங்கிடும், நாலு மணி நேரம் தாங்கும்னு."

சொல்லியிருந்தேன். பத்து நாளுக்கு முன்பு, பிள்ளைக்காகக் கவலைப்படும் தாயிடம் சொல்வதாக நினைத்துச் சொன்னேன். அது அவள் வாயிலிருந்து இன்னொருத்தி காதுக்கும், அங்கிருந்து பள்ளி வாசல் வரைக்கும் போயிருக்கிறது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவள் மீதா, என் மீதா என்று இன்றும் தெரியவில்லை.

"உங்க பிள்ளைக்குச் சூடு இறங்கிடும். பக்கத்துல உட்கார்ற என் பிள்ளைக்கு என்ன ஆகும்?"

அவள் சத்தம் போடவில்லை. ஐம்பது சீருடை தைத்துக் கொடுக்க வேண்டும், இவன் வீட்டில் இருந்தால் யார் பார்ப்பது என்று கேட்டாள். பிறகு, "அவ்வளவு பயம் இருந்தா உங்க பிள்ளைய நீங்க வீட்டுல வெச்சுக்க வேண்டியதுதானே?" என்று சொல்லிவிட்டுப் பையன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

மூக்குடைபட்டேன். ஆனாலும் சாப்பாட்டு இடைவேளையில் நேரே தலைமை ஆசிரியையிடம் போனேன். அவர் முதலில் நம்பவில்லை. வாசலில் எல்லாருக்கும் பச்சைதானே என்றார். பச்சை எப்படி வருகிறது என்று விளக்கினேன். காலையில் குடித்த மருந்தின் வேகம் மதியம் தணிந்துவிடும், பன்னிரண்டு மணிக்கு மேல் ஒருமுறை சோதித்துப் பாருங்கள், முழு வருகையின் லட்சணம் தெரியும் என்றேன். யார் யார் என்று கேட்டார். தையல்காரம்மாவின் மகனைச் சொன்னேன். சொல்லும்போது நியாயமாகத்தான் இருந்தது. நாளைக்கே செய்வதாகவும், செய்தி கசிந்தால் பெற்றோர் உஷாராகிவிடுவார்கள் என்பதால் காதும் காதும் வைத்தாற்போல் இருக்கும்படியும் சொல்லி அனுப்பினார்.

அன்று இரவு வீட்டுக்குப் போனபோது மகள் தூங்கிவிட்டிருந்தாள். ஏழு மணிக்கு வாயாடி தூங்குவதா என்று கேட்டேன். பள்ளியில் ஓடியாடியிருக்கிறாள், களைப்பு என்றார் வீட்டுக்காரர். அறை வாசலிலிருந்து பார்த்தேன். போர்வைக்குள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். நாளை மதியம் நடக்கப்போவதைப் பற்றி அவரிடம் மூச்சு விடவில்லை. வாழ்நாளில் நான் காப்பாற்றிய ஒரே ரகசியம் அதுதான்.

மறுநாள் பன்னிரண்டரைக்குக் கடையில் போன் அடித்தது. தலைமை ஆசிரியை. நீங்கள் சொன்னது சரிதான், பதினோரு பிள்ளைகளுக்குச் சிவப்பு என்றார். கடவுளே என்றேன். வாய் அப்படிச் சொன்னாலும், சொன்னது பலித்ததில் உள்ளுக்குள் ஒரு துளி திருப்தி இருந்ததை மறைக்கமாட்டேன். பிறகு அவர் குரல் தயங்கியது.

"அதுல உங்க பொண்ணும் ஒண்ணு. உடனே வாங்க."

கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். ஓடிக்கொண்டே வீட்டுக்காரருக்கு போன் போட்டேன். பின்னால் பார்சல் வண்டிகளின் சத்தம். அந்த இரைச்சலுக்கு மேல் விஷயத்தைச் சொன்னேன். கேட்கிறதா என்று கத்தினேன்.

"நேத்து காலையிலதான் ஆரம்பிச்சது," என்றார். "லேசாதான் இருந்தது. ரெண்டு நாள்ல போயிடும்னு நெனச்சேன். உங்கிட்ட சொன்னா நீ அனுப்ப விடமாட்ட. எனக்கு வேலை போயிடும்."

எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். கேட்க வேண்டிய எத்தனையோ இருக்க, என் வாயில் அதுதான் வந்தது. வேறு கடையில் என்றார். நேற்றுக் காலை ஒரு மூடி, பள்ளி விட்டு வந்ததும் ஒரு மூடி, இன்று காலை ஒரு மூடி. அந்தக் கடைக்காரியும் அரை மணி நேரத்தில் இறங்கிவிடும் என்று சொல்லியிருப்பாள். ஊர்ப் பிள்ளைகளின் காய்ச்சலையெல்லாம் மோப்பம் பிடித்த எனக்கு, என் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் கொதித்தது தெரியவில்லை. தொட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

பதினோரு பேரையும் பள்ளியின் பெரிய கூடத்தில் தள்ளித் தள்ளி நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். தையல்காரம்மா எனக்கு முன்பே வந்து மகனுக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு கடைசி நாற்காலியில் இருந்த என் மகளைப் பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வாயாடி பேசாமல் உட்கார்ந்திருந்தாள். தோள்கள் இரண்டும் காதை நோக்கி ஏறி ஏறி இறங்கின. நான் கிட்டப் போனதும் கையை நீட்டித் தடுத்தாள். இந்த முறை அதில் விளையாட்டு இல்லை.

"தொடாதம்மா," என்றாள். ஒரு மூச்சு வாங்கினாள். "உனக்கும் வந்துடும்." இன்னொரு மூச்சு. "அப்பாவைத் திட்டாத. நான்தான்... பள்ளிக்கூடம் போறேன்னு சொன்னேன்."

தூக்கி மடியில் போட்டுக்கொண்டேன். உடம்பு அடுப்பாக இருந்தது. மூன்று வாரத்தில் எடை குறைந்திருந்தாள், அதுவும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் புத்தகப்பையில் எப்போதும் இருக்கும் இன்ஹேலரை எடுத்து இரண்டு முறை அழுத்தினேன். காவலாளி துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு வண்டி பிடிக்கத் தெருவுக்கு ஓடினார். சட்டைக்கு மேல் அவள் நெஞ்சில் கை வைத்தேன். நிமிடத்துக்கு முப்பது மூச்சைத் தாண்டினால் வீட்டுக்குப் போகாதே, நேரே ஆஸ்பத்திரிக்கு வா என்பது டாக்டரின் கணக்கு. சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள் பன்னிரண்டைத் தொட்டதும் எண்ணத் தொடங்கினேன். பக்கத்தில் தையல்காரம்மாவின் உதடுகளும் என்னோடு சேர்ந்து எண்ணுவது தெரிந்தது. முப்பது வந்தபோது முள் எட்டில்தான் இருந்தது, நிமிடம் முடிய இன்னும் இருபது விநாடி.