கோயில்பிள்ளையின் கடைசிச் சொல்

"தாத்தா ஏன் மழை பெய்யுறப்ப மட்டும் தொப்பியைக் கழட்டுறாரு?"

நொட்பர்காவின் மகள் ஐந்து வயதில் இதைக் கேட்டாள். மேல்கோயில் மணியை அடித்துவிட்டு வந்த கோயில்பிள்ளை வெண்டலின், வடக்குச் சுவரோரம் வெறுந்தலையோடு நனைந்துகொண்டு நின்றதை அவள் பார்த்திருந்தாள். "மண்டைச் சூடு இறங்கட்டும்னு நிக்கிறாரு" என்று அவள் அப்பா செவெரின் சிரித்தான். மகள் வளர்ந்து நகரத்தில் ஓட்டல் வேலைக்கும் போய்விட்டாள்.

இன்று நொட்பர்கா தன் மாமனார் வெண்டலினின் வாயோரம் வழிந்த பார்லிக் கஞ்சியைத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள். பக்கவாதம் வந்து ஒன்பது நாள். காலையில் பங்குச் சாமியார் வந்து கடைசி எண்ணெய் பூசிவிட்டுப் போனார். வலது கை போயிற்று, பேச்சும் போயிற்று. ஒரே ஒரு சொல்தான் மிச்சம்.

"எறப்பு" என்றார் வெண்டலின், அவளையே பார்த்து. "எறப்பு."

"இறப்புப் பதிவேட்டைக் கேக்குறாரு" என்றான் செவெரின். "வாய் கோணிப்போனதுல அப்படி வருது. நாப்பது வருஷம் எழுதின புத்தகமாச்சே. தன் பேரையும் தானே எழுதிட்டுப் போலாம்னு பாக்குறாரு போல."

சாமியார் தங்கும் குருமனைக்குப் போய் அந்தத் தோல் அட்டைப் புத்தகத்தைச் சுமந்து வந்தான். ஓபர்லான் என்ற அந்த மலையூர்ப் பங்கின் கதை முழுக்க அதில் இருந்தது. பனிச்சரிவு மேல்கோயில் குருமனையை வாரிக்கொண்டு போன வருஷம், ஒரே பக்கத்தில் பதினேழு பேர். கீழே புதுக் கோயில் கட்டியபோது சாரத்திலிருந்து விழுந்த தச்சன். போருக்காக மணிகளை இறக்கி எடுத்துப் போனபின் மணியோசை இல்லாமல் அடக்கமானவர்கள். செவெரின் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் காட்டினான். கிழவர் கண்ணை மூடிக்கொண்டு தலையை அசைத்தார். இது இல்லை.

செவெரின் மாட்டுக்குப் புல் போடப் போனதும் நொட்பர்கா 1951 மார்ச்சைத் தேடினாள். அங்கே ஒன்றும் இருக்காது என்று அவளுக்குத் தெரியும். ஞானஸ்நானம் பெறாத குழந்தைக்குப் பதிவேட்டில் இடமில்லை, மந்திரித்த கல்லறை மண்ணிலும் இடமில்லை. அவளுக்கு மூச்சில்லாமல் பிறந்த பையனை மருத்துவச்சி துணியில் சுற்றிக் கொடுக்க, வாசலில் வாங்கிக்கொண்டு போனவர் வெண்டலின். திரும்பி வந்தவர், "கேக்காதம்மா" என்றார். காட்டு மரத்தடி, ஓடைக்கரை என்று பதில் வந்துவிடுமோ என்ற பயத்தில் அவளும் கேட்கவில்லை. இருபத்து மூன்று வருஷம் ஒரே அடுப்பு, ஒரே மேசை, அந்த ஒரு கேள்வி மட்டும் பாக்கி. இவரும் போய்விட்டால் அப்புறம் கேட்க ஆளில்லை.

அவள் காதருகே குனிந்தாள். "அப்பா, என் பையனை எங்க வெச்சீங்க?"

"எறப்பு" என்றார் அவர். கண் ஓரம் நனைந்திருந்தது.

மதியம் கோலை ஊன்றிக்கொண்டு கிரெசென்ஸ் வந்தாள். எண்பது வயது, அந்தக் காலத்து மருத்துவச்சி அவள்தான்.

"இன்னும் போகலையா இவன்? வரிசையில எனக்கு முன்னாடி நிக்கணும், ஆனா நகர மாட்டான்." தலைமாட்டில் இருந்த புத்தகத்தைப் பார்த்தாள். "இது எதுக்கு இங்க? வீட்டுல தலகாணி இல்லையா?"

"எறப்பு, எறப்புன்னு ஒரே பாட்டா பாடுறாரு அத்தை" என்றான் செவெரின். "கொண்டு வந்தா வேணாங்குறாரு."

கிரெசென்ஸ் படுக்கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"செவெரின், போய் விறகு கொண்டா."

"பெட்டி நெறைய இருக்கே அத்தை."

"இன்னும் கொண்டா."

அவன் போனதும் கதவைச் சாத்தினாள். "சாவும் இல்லை, புத்தகமும் இல்லைடி. கூரை எறப்பு. தண்ணி சொட்டுற எடம். மேல்கோயில் வடக்குச் சுவர், மூணாவது ஜன்னல்."

"அங்க என்ன அத்தை?" என்றாள் நொட்பர்கா.

"ஞானஸ்நானம் கிடைக்காத புள்ளைங்களை எங்க முன்னோருங்க அங்கதான் வெப்பாங்க. கோயில் கூரைமேல விழுந்து வர்ற தண்ணி வெறும் தண்ணியாடி? ஒவ்வொரு மழையும் புள்ளை தலையில விழும். அப்ப இருந்த சாமியாருக்குத் தெரிஞ்சிருந்தா இவன்கிட்ட இருந்து கோயில் சாவியைப் புடுங்கியிருப்பாரு. உனக்குத் தெரிஞ்சா நீ பூ வெச்சிருவ, ஊரு பாத்துரும், தோண்டி எடுத்துருவாங்கன்னு பயந்தான். என்கிட்ட சத்தியம் வாங்கிட்டான்." கிழவி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப அவனே சொல்றான். இனி என் சத்தியம் எதுக்கு?"

நொட்பர்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். மழையில் நனைந்த நரைத்த தலை ஒன்று கண்முன் வந்து நின்றது.

பிறகு எழுந்துபோய் அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டாள். "மேல்கோயில் எறப்பு. மூணாவது ஜன்னல். புரிஞ்சிடுச்சுப்பா."

வெண்டலின் அவளை வெகுநேரம் பார்த்தார். ஒன்பது நாளாகச் சுருங்கியிருந்த நெற்றி மெல்ல விரிந்தது.

"நல்ல எடம்ப்பா" என்றாள் அவள்.

செவெரின் மூன்றாவது கூடை விறகை இறக்கி வைத்தபோது அவர் போயிருந்தார். அவர் முகம் முதுகுச் சுமையை இறக்கி வைத்தவருடையதுபோல இருந்தது. கிரெசென்ஸ் அவர் கண்களை மூடிவிட்டாள். "பிடிவாதக்காரன். சொல்லிட்டுத்தான் போனான்."

மூன்றாம் நாள் கீழ்க்கோயில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். அதன்பின் சாப்பாட்டுக் கடையில் சூப்பும் ரொட்டியும். வெண்டலின் ஒருமுறை மணிக்கூண்டிலேயே தூங்கிப்போய், அவரை உள்ளே வைத்துப் பூட்டிய கதையைச் சொல்லி எல்லோரும் சிரித்தார்கள். நொட்பர்காவும் சிரித்தாள். இரண்டாம் கிண்ணம் சூப்புக்குக் கையை நீட்டினாள்.

"மாமனார் போனதும் மருமகளுக்குப் பசி வந்துருச்சு பாரு" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"ஆமா, வந்துருச்சு" என்றாள் நொட்பர்கா.

மறுநாள் காலை பால் கறந்து வைத்துவிட்டு, காலித் தூக்குவாளி ஒன்றை எடுத்துக்கொண்டு மேல்கோயிலுக்கு ஏறினாள். வெயில் பட்டு மரக்கூரையின் பனி உருகிக்கொண்டிருந்தது. மூன்றாவது ஜன்னலுக்குக் கீழே மண் குழிந்து, ஒரு முழ நீளத்துக்குப் பாசி படர்ந்திருந்தது. அந்தச் சொட்டுகளைத் தடுக்க மனம் வராமல், தூக்குவாளியை ஒரு அடி தள்ளி வைத்தாள். பக்கத்தில் முழங்காலிட்டாள். வாளி நிறைய ஒரு மணி நேரம் ஆயிற்று. அவளுக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

இறங்கும்போது ஒரு சொட்டும் சிந்தாமல் நடந்தாள். வழியில் யார் பார்த்திருந்தாலும் பால் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

கீழ்க்கோயில் கூரையைச் சுற்றித் தகரக் குழாய் ஓடியது. விழுந்த தண்ணீரையெல்லாம் அது வாங்கிச் சாக்கடையில் விட்டது. கல்லறைத் தோட்டத்தில் ஆள் இல்லை. வெண்டலினின் மண்மேடு இன்னும் படியவில்லை. நொட்பர்கா தலைப்பக்கத்திலிருந்து மெல்ல ஊற்றினாள். மண் சத்தமில்லாமல் குடித்தது. வாளியைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டு விழும்வரை அப்படியே பிடித்திருந்தாள்.