கழுவாத கூந்தல்

முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. யோகராணி சம்பூப் போத்தலும் கையுமாக மேலறை வாசலில் வந்து நின்றார்.

"பிள்ளை, எழும்பித் தலையைக் கழுவும். நிரோஷினி மேக்கப் பெட்டியோட வந்திட்டா."

வபேவா எழும்பவில்லை. அவள் நமீபியாவின் வடமேற்கே, ஹிம்பா இனத்தில் பிறந்தவள். டொராண்டோவுக்குப் படிக்க வந்த இடத்தில் யோகராணியின் மகன் திலக்சனைச் சந்தித்து, அவனிடமே தமிழும் பழகினாள். இங்கே அவளுக்கு உறவென்று ஒருவரும் இல்லை. அதனால் மாப்பிள்ளை வீட்டு மேலறையே பெண்வீடாகியது. மாப்பிள்ளையை மார்க்கம் நகரில் ஒரு சிநேகிதன் வீட்டுக்குத் துரத்திவிட்டிருந்தார்கள்.

அந்த அறையில் தனியாக இருந்துதான் வபேவா தன் கூந்தலைப் புரிபுரியாகப் பின்னினாள். வெண்ணெயில் குழைத்த சிவப்புக் கல்மாவை ஒவ்வொரு புரியிலும் அப்பினாள். நுனிக் குஞ்சம் மட்டும் கறுப்பாக நின்றது. கழுத்திலும் தோளிலும் அதையே தேய்த்தாள். கண்ணாடியில் தன் தாயின் நிறம் தெரிந்தபோதுதான் கை ஓய்ந்தது.

"கழுவமாட்டன், மாமி."

யோகராணி காதில் விழாததுபோலக் கட்டிலைப் பார்த்தார். கூறைச்சேலைக்குப் பக்கத்தில், மூன்று இலை நிமிர்ந்ததுபோல வெட்டிய ஓர் ஆட்டுத்தோல் கிடந்தது.

"உதென்ன, செருப்புத் தோல் மாதிரி?"

"ஏகோரி, தலையில கட்டுறது. மகளைக் கட்டிக் குடுக்கேக்க தகப்பன் குடுக்கிறது. அப்பாவுக்கு விசா கிடைக்கேல்லை, இதாவது வந்தது. கோயிலுக்கு இதைப் போட்டுக்கொண்டுதான் வருவன்."

"என்ர பிள்ளையாரே! கோயிலுக்குள்ள தோலோ? பெல்ற்றையே கழட்டி வைக்கிற ஆக்கள் நாங்கள்."

பேசுவதற்கு முன் நெடுநேரம் சும்மா இருப்பது வபேவாவின் வழக்கம். அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்ட யோகராணி, சம்பூவின் மூடியைத் திறந்தார்.

"மாமி, தவிலில என்ன பூட்டியிருக்கு?"

"என்ன?"

"தோல். அதில ஒரு பக்கம் ஆட்டுத்தோல். தவில்காரர் அதை வாசலில கழட்டி வைச்சிட்டோ உள்ளுக்கு வாறவர்?"

சவுரி முடியைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த நிரோஷினி அதற்குள்ளேயே முகத்தை ஒளித்துக்கொண்டாள்.

"நீர் சிரியாதையும், நிரோஷினி!" யோகராணி ஃபோனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். "தம்பி, உவளுக்கு ஒருக்காச் சொல்லு. சனம் முழுக்க வருது. உந்தச் சேற்றோட எப்பிடி மணவறையில இருத்துறது?"

"வபே…" திலக்சனின் குரல் இழுபட்டது. "ஜஸ்ற் இண்டைக்கு மட்டும். அம்மாவுக்காகக் கழுவிட்டு வாருமன். பின்னேரம் திரும்பப் பூசலாம்தானே?"

இவ்வளவு நேரமும் தான் தனியாக இல்லை, திலக்சன் தன் பக்கம் என்று வபேவா நினைத்திருந்தாள். அந்த நினைப்பு அப்போதுதான் விட்டுப்போனது.

"அப்ப தாலியையும் பின்னேரமாக் கட்டும்."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று யோகராணி ஃபோனை உலுக்கிப் பார்த்தார். அவசரப்படாமல் வபேவா காத்திருந்தாள். அவளுக்கு அது பழக்கம்.

"சரி," என்றான் கடைசியில். "அப்பிடியே வாரும்."

யோகராணியின் முகம் சுருங்கியது. வபேவா அவருக்கு நேரே திரும்பினாள்.

"எங்கட ஊரில புதுப்பெண் மாப்பிள்ளை வீட்டுக்கு வரேக்க, அந்த வீட்டு ஆக்கள் தங்கட மாட்டு வெண்ணெயை அவளுக்குப் பூசுவினம். அப்பதான் அவள் அந்த வீட்டுப் பிள்ளை. நீங்கள் பூசினாப் பூசுங்கோ, மாமி. பூசாட்டியும் நான் இதோடதான் வருவன், இதோடதான் இந்த வீட்டில இருப்பன்."

யோகராணி படியிறங்கினார். கீழே அலுமாரிக் கதவுகள் அடிபட்டன.

நிரோஷினி சவுரியைப் பெட்டிக்குள் திருப்பி வைத்தாள். கூறைக்குக் கொய்யக மடிப்பு எடுத்து ஊசி குத்தினாள். ஏகோரியை வபேவா யாரையும் தொடவிடவில்லை. தானே கட்டினாள்.

யோகராணி திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு பழைய வெள்ளை விரிப்பு இருந்தது.

"உந்தச் சிவப்புக் கார் சீற்றில பிடிக்கும். உதை விரிச்சிட்டு இரும்."

"வெண்ணெய்?"

"வீட்டில உப்புப் போட்டதுதான் கிடக்கு," என்றார் யோகராணி, வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "கோயிலால வந்தாப் பிறகு பாப்பம்."

றிச்மண்ட் ஹில் கோயிலுக்குக் காரில் போகும் வழியில், முன் சீற்றிலிருந்து கண்ணாடியால் பின்னால் பார்த்தார் யோகராணி. விரிப்பு மடிப்புக் குலையாமல் வபேவாவின் மடியில் இருந்தது. அவளோ சாம்பல்நிற சீற்றில் முதுகும் தோளும் பதிய, நன்றாகச் சாய்ந்து இருந்தாள்.